செத்தவர் எழுந்திருக்க எங்கள் வீட்டு ரூல்

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு – கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிய கொஞ்ச நேரத்தில் செத்துப்போனேன்.

பதறாதீர்கள். செத்தவள்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். குரல் தெளிவாகத்தானே இருக்கிறது?

மலை மேலே ஒரு தொங்குபாலம். பலகையெல்லாம் உளுத்துக் கிடக்கிறது. கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் போகலாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கா கயிறு? நான் படைத்தலைவி. எனக்கு முன்னால் ஒருவர் நடப்பதா? நிமிர்ந்து முதல் ஆளாக நடந்தேன். சோழிகள் எல்லாம் குப்புற விழுந்தன. நானும் விழுந்தேன்.

இது ஓர் ஆட்டம். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிறுதோறும் நடக்கிறது. தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. நாலு பேர் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். ‘எதிரே ஆறு, வெள்ளம் போகிறது, என்ன செய்வீர்கள்?’ என்று கதை சொல்கிறவர் கேட்பார். நீந்துவேன் என்று சொல்லலாம். மரத்தை வெட்டிப் பாலம் போடுவேன் என்று சொல்லலாம். நினைத்தது நடக்குமா நடக்காதா என்று கட்டை உருட்டிப் பார்ப்பார்கள். கட்டை விழுந்தபடி கதை திரும்பும். ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் கிடையாது... கதை போகிறவரை போகும்.

எழுபது வயதுக்கு மேல் இது எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? அலமாரியிலிருந்து வந்தது!

என் இளைய மருமகள் கனகு, திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறாள். புது ஆர்டர் ஓடும்போது கலர் சரியாக விழுகிறவரைக்கும் மிஷினில் கொஞ்சம் தாள் வீணாகப் போகும். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெள்ளை. எங்கள் பக்கம் அந்த வேஸ்ட் தாள் விரிக்காத அலமாரியே கிடையாது. கடவுள் படம், சோப்பு விளம்பரம், யாரோ ஒருவரின் கல்யாணப் பத்திரிகை – எல்லாவற்றின் மேலும் எங்கள் ஊறுகாய் ஜாடி உட்கார்ந்திருக்கும். அப்படி ஒரு நாள் கனகு விரித்த தாளை, பக்கத்து வீட்டு மல்லிகாதான் முதலில் படித்தாள்.

“கனகு மதினி, இதென்ன, அலமாரி பேசுது? ‘நீங்கள் மலையடிவாரத்தில் நிற்கிறீர்கள்’னு போட்டிருக்கு. நான் எங்க மலையடிவாரத்துல நிக்கேன்? உங்க அடுப்படியிலதான நிக்கேன்!”

மல்லிகா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய் வருகிறவள். வேலை நேரத்தில் கவனம் சிதறக்கூடாது, பேச்சு ஆகாது. அந்த ஆறு நாள் பேச்சையும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வந்து இறக்குவாள்.

சென்னையில் யாரோ சில பிள்ளைகள் தமிழிலேயே செய்த ஆட்டமாம். அதற்கு ரூல் புத்தகம் அச்சடிக்க இங்கே ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். கனகு இன்னும் கொஞ்சம் தாள் கொண்டுவந்தாள். வெட்டாத பெரிய தாள். அதில் பாதிப் பக்கம் நேராக இருக்கும், பாதிப் பக்கம் தலைகீழாக இருக்கும். மடித்து வெட்டினால்தான் ஒழுங்காகுமாம். நாங்கள் வெட்டவில்லை. கூடத்தில் விரித்துப் போட்டுச் சுற்றி உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் இருப்பதை மல்லிகா படிப்பாள், இந்தப் பக்கம் இருப்பதைக் கனகு படிப்பாள். எனக்கு நேரும் தலைகீழும் ஒன்றுதான். வாயால் சொல்லச் சொல்ல மனதில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு சங்கடம். திருப்பினால் வெள்ளை! ஒவ்வொரு ரூலும் பாதியில் நிற்கும். ‘குதிரை திருட்டுப்போனால்’ என்று இருக்கும்... போனால் என்ன ஆகும் என்பது அச்சாகாத பக்கத்தில் இருக்கும். உருட்டுகிற கட்டையும் இல்லை. அது வேறு ஊரில் தயாராகிறதாம்.

என்ன செய்வது? இல்லாததை நாங்களே போட்டுக்கொண்டோம். கதை சொல்வது கனகு. கட்டைக்குப் பதில் சோழி. குக்கர் விசில் அடித்தால் கதை நிற்க வேண்டும். கள்ளி வேஷம் கட்டிய மல்லிகா ஒரு வாரம் என் குதிரையைத் திருடிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று அவளுக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்த கருவாட்டுக் குழம்பை மூடிவிட்டேன்.

“பெரியம்மா, கதைக்குள்ள திருடினதுக்கு நெசத்துல கொழம்பு கெடையாதா? இது எந்த ஊரு நியாயம்?”

அதிலிருந்து ஒரு ரூல் – ஆட்டத்துச் சண்டை ஆட்டத்தோடு. குழம்புக்கும் குழாயடிக்கும் அது போகக்கூடாது.

இந்த ஆட்டத்துக்குள் ராஜாத்தி வந்தது தற்செயல்தான். எங்கள் தெருக் கடைசி வீடு. நாற்பது தாண்டிய வயது. காமாலையில் புருஷன் போய்ச் சில வருஷம் ஆகிறது. வீட்டிலேயே இருந்து பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் போன பிறகு தெருவில் ஒரு விசேஷம் என்றால், பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு பின்வாசல் வழியாக வருவாள். வராதே என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. உண்மைதான். முன்வாசலில் நின்று வா என்று யார் சொன்னது? அதுவும் இல்லை.

அன்று அரிவாள்மனை இரவல் கேட்டு வந்தாள். கனகு விடவில்லை.

“அக்கா, ஒரு வைத்தியச்சி கொறையுது. செத்த உக்காருங்க.”

“எனக்கு என்ன வைத்தியம் தெரியும்? தலைவலிக்குச் சுக்குப் போடத் தெரியும்.”

“அம்புட்டுப் போதும். எங்க கதையில இன்னும் டாக்டர் ஆஸ்பத்திரியெல்லாம் வரல.”

உட்கார்ந்தாள். அடுத்த ஞாயிறும் வந்தாள், அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். அதுவும் முன்வாசல் வழியாக! மல்லிகாவின் கள்ளிக்குக் கால் ஒடிந்தபோது, “கட்டுப் போடணும்னா முதல்ல எங்க பெரியம்மா குதிரையைக் குடு” என்று சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... அடுத்த வீட்டில் கேட்டிருக்கும். எத்தனை வருஷத்துச் சிரிப்போ.

அப்புறம் ஒரு ஞாயிறு. மலைக் குகையில் பாம்பு. எனக்கு மருந்து தேடி உள்ளே போன வைத்தியச்சியைக் கடித்துவிட்டது. ராஜாத்தி சோழியைப் போட்டாள். எல்லாம் குப்புற. மறுபடியும் போடச் சொன்னோம். மறுபடியும் குப்புற.

செத்தால் என்ன ரூல் என்று கனகு தாளைத் தேடி எடுத்துப் படித்தாள். “உயிர்ப்புள்ளி தீர்ந்தவர் உடனே...”

உடனே? திருப்பினாள். வெள்ளை.

ராஜாத்தி எழுந்துவிட்டாள். சேலையை உதறிச் சரிசெய்தாள். “சரி பெரியம்மா, நீங்க ஆடுங்க. எனக்கு லேபிள் வேலை கெடக்கு.”

இந்த வாசலைத் தாண்டினால் இவள் அடுத்த வாரம் வரமாட்டாள். பந்தி முடிந்து பின்வாசலில் வந்து நிற்கிற பழைய ராஜாத்தி ஆகிவிடுவாள். அது எனக்குத் தெரிந்தது. கனகுக்கும் தெரிந்தது. வாய் ஓயாத மல்லிகாவே வாயடைத்து உட்கார்ந்திருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“உக்காரு” என்றேன். “போகச் சொல்லி எங்க போட்டிருக்கு? வெள்ளைத் தாள்ல இருக்கா?”

“செத்தவ எப்படி பெரியம்மா ஆடுறது?”

அப்போதுதான் மல்லிகாவுக்கு வாய் வந்தது. “ஏன்க்கா, நம்ம பக்கம் செத்தவுக எங்க போயிடுறாக? பொட்டிக்குள்ள சேலை வச்சு, வருசா வருசம் படைச்சு, வீட்டுச் சாமியாத்தான கும்பிடுறோம்? நீங்க இனிமே எங்க கூட்டத்துக்குச் சாமி. எடத்தை விட்டு நகரக்கூடாது. வழி தெரியாம முழிச்சா உங்ககிட்டத்தான் குறி கேப்போம்.”

ஆகா! என்ன ரூல்! அன்று எங்களுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. செத்தவளை அனுப்பாமல் சாமியாக்கிய ஆட்டம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தோம். ராஜாத்தி உட்கார்ந்தாள். அடுத்த வாரமும் வந்தாள். காபி முதலில் சாமிக்குத்தான். மல்லிகா ஒருமுறை ரெண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கிவந்து அவள் முன்னால் வைத்தாள். “சாமிக்குத்தான, வச்சா என்ன தப்பு?” என்றாள். முன்னால்தான் வைத்தாள். தலையில் வைக்கவில்லை. அது அன்று எங்களுக்கு உறைக்கவில்லை.

வாரம் போகப் போகக் குறியும் சுருங்கிவிட்டது. “கிழக்க போங்க” என்பாள். “சரியா வரும்” என்பாள். அப்புறம் தலையை மட்டும் ஆட்டுவாள். சாமிக்கு எதற்குப் பேச்சு என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

பிறகு ஒரு நாள் முழுப் புத்தகமே வந்தது. லோடு ஏறிப் போன பிறகு சாம்பிள் பிரதி ஒன்று மிஞ்சியதாம், கேட்டு வாங்கி வந்தாள் கனகு. அட்டை போட்டு, வெட்டி, இரண்டு பக்கமும் அச்சடித்த புத்தகம். எல்லோரும் முதலில் எந்தப் பக்கத்தைத் தேடியிருப்போம்?

மல்லிகா படித்தாள். “உயிர்ப்புள்ளி தீர்ந்தவர் உடனே ஆட்டத்தை விட்டு வெளியேறுவார். அடுத்த ஆட்டத்தில் புதிய வேடத்தோடு வரலாம்.” படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள். “த்தூ... அம்புட்டுத்தானா? மனுசத்தன்மையே இல்லையே!”

“அதான” என்றேன் நான். “நம்ம ரூல் எம்புட்டு ஒசத்தி! ஏ கனகு, அந்தப் பிள்ளைகளுக்கு எழுதிப் போடு. செத்தவுகள இப்படியா வெரட்டுறதுன்னு கேளு.”

“நான் ஒண்ணு சொல்லட்டா?”

ராஜாத்தி. அவள் குரலைக் கேட்டே நாளாகியிருந்தது.

“குறியாக்கா? சொல்லுங்க, சொல்லுங்க.”

“குறி இல்ல. நான் சொல்றேன். புத்தகத்துல இருக்கதே தேவல.”

எனக்குச் சுருக்கென்றது. “என்ன பிள்ள இப்படிச் சொல்ற? ஒனக்காகத்தான இந்த ரூலே போட்டோம்?”

“எனக்காகத்தான் போட்டீக பெரியம்மா. இல்லைங்கல. வெளிய போனவளுக்கு அடுத்த ஆட்டம்னு ஒண்ணு இருக்கே. சாமிக்கு அது இருக்கா?” அவள் கை, முன்னால் இருந்த காபி டம்ளரைத் தள்ளி வைத்தது. “முதல் காபி தர்றீக. பூ வைக்கீக. குறி கேக்கீக. சோழிய மட்டும் என் கையில தர மாட்டேங்கீக. எனக்குச் சாமியா இருந்தது போதும். நான் நடக்கணும். சோழியக் குடுங்க.”

மல்லிகா புத்தகத்தை மறுபடியும் புரட்டிப் பார்த்தாள்.

“செத்தவ எந்திரிக்க ரூல் இல்லையேக்கா...” என்று மல்லிகா மெதுவாக இழுத்தாள்.

“இப்ப இருக்கு” என்றாள் கனகு. சோழிகளை அள்ளி ராஜாத்தியின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மூடினாள்.

அதுதான் எங்கள் வீட்டு ரூல்களில் கடைசியாக வந்தது. செத்தவர் தனக்கு என்ன வேண்டும் என்று தன் வாயால், ஓர் ஆளைப் பார்த்துக் கேட்க வேண்டும். கேட்டால் எழுந்துவிடுவார். கேட்கப்பட்டவர் மறுக்கக்கூடாது. வேறு நிபந்தனை கிடையாது.

ராஜாத்தி சோழியைப் போட்டாள். குப்புற! உயிர்த்து எழுந்த வைத்தியச்சி, குகையை விட்டு வெளியே வந்த வேகத்தில் சேற்றில் விழுந்தாள். மல்லிகா ‘ஐயய்யோ’ என்று தலையில் கை வைத்தாள். ராஜாத்தியோ கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். “விழுந்தா என்ன? நான்தான விழுந்தேன்!”

கேட்டுப் பழகிவிட்டால் வாய் சும்மா இருக்குமா? அந்த மாசமே கனகுவிடம், “உங்க கம்பெனியில ஆள் எடுப்பாகளா?” என்று கேட்டிருக்கிறாள். இப்போது காலையில் இரண்டு பேரும் டிபன் பையோடு ஒன்றாகக் கிளம்புகிறார்கள். லேபிள் பசை காய்ந்த விரல்களில் இப்போது மை ஒட்டியிருக்கிறது.

நான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவரைக் கையெடுத்துக் கும்பிட்டு ஓரத்தில் உட்காரவைப்பது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! செய்கிறவருக்கும் பெருமை. பார்க்கிறவருக்கும் பெருமை. உட்கார்ந்திருப்பவரை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஏன் சொல்கிறேன் என்றால், நானே சாமியாகித்தான் இருந்தேன். குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்தேன். பெரியவன் சூலக்கரை ஆபீஸிலிருந்து வரும்போதே ஒரு குஷன் நாற்காலி வாங்கி வந்தான். ஃபேனுக்கு நேர் கீழே போட்டார்கள். “அம்மா, நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கிறோம்.” அதிலிருந்து நாற்காலிக்கே காபி வரும். ஊரிலிருந்து பிள்ளைகள் வந்தால் காலில் விழுவார்கள், பழம் தருவார்கள், அப்புறம் அடுப்படிக்குப் போய் உட்கார்ந்து பேசுவார்கள். பெயிண்ட் அடிக்க ஆள் வந்த அன்றுதான் எங்கள் வீடு பச்சை நிறம் ஆகப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. எனக்குப் பச்சை பிடிக்காது! ஆனால் கேட்டால்தானே சொல்ல? திட்டவும் முடியாது. அவ்வளவு அன்பாக உட்காரவைத்திருக்கிறார்கள்.

அந்த நாற்காலியை விட்டு இறக்கித் தரையில் உட்காரவைத்தது, பாதி அச்சான அந்தத் தாள்தான். அதை வீணாக்கிய மிஷினுக்கு நன்றி. மிச்சப் பாதியை நாங்களே போட்டுக்கொள்ள இடம் விட்டது அதுதானே? ஆட்டத்தை உண்டாக்கிய அந்த முகம் தெரியாத பிள்ளைகளுக்கும் நன்றி. மனுசத்தன்மை இல்லை என்று அவர்களை ஏசியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அடுத்த ஆட்டம் என்று ஒன்று வைத்தவர்களாயிற்றே! எங்கள் அருமையான ரூலை எங்கள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொன்ன ராஜாத்திக்குத்தான் எல்லோருக்கும் மேலான நன்றி.

சரி. இப்போது என் சாவுக்கு வருவோம்.

பாலத்திலிருந்து விழுந்தேனா? ரூல் உங்களுக்கே தெரியும். வாயைத் திறந்து ஏதாவது கேட்டால் எழுந்துவிடலாம். ஆனால் நான் கேட்கிற ஜாதி இல்லையே. ஆறு பிள்ளைகளை வளர்த்த காலத்தில் உப்புத் தீர்ந்தால் உப்பில்லாமல் குழம்பு வைப்பேனே தவிர, பக்கத்து வீட்டில் கிண்ணத்தை நீட்டியதில்லை. பிள்ளைகள் முகம் சுளித்தால், இதுதான் உடம்புக்கு நல்லது என்பேன். இந்த வயதிலா பழக்கத்தை மாற்றுவது?

“பெரியம்மா, சும்மா ஒரு வெத்தலை கேளுங்க. எந்திரிச்சிரலாம்” என்றாள் மல்லிகா.

“என் வெத்தலை என்கிட்ட இருக்கு.”

“தண்ணி?”

“தாகமில்ல.”

“வைராக்கியத்தப் பாரு! அப்ப செத்தே கெடங்க. உங்க குதிரைய நான் ஓட்டிட்டுப் போறேன்.”

ஓட்டிக்கொண்டும் போனாள். கண் முன்னால் என் குதிரை போகிறது, வாய் வரவில்லை. கதை என்னைத் தாண்டிப் போய்விட்டது. அந்திக்குச் சோழியை டப்பாவில் போட்டு மூடும்போது ராஜாத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மெதுவாகச் சொன்னாள்.

“சாமியா இருக்கது ரொம்பப் போரு பெரியம்மா. நான் இருந்து பாத்தவ சொல்றேன்.”

அதனால் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும் இந்த நிமிஷம் வரை நான் செத்தவள்தான்.

நான் வாயால் சொல்லச் சொல்ல இதைப் பத்திரிகைக்கு எழுதுவது என் பேத்தி யாழினி. வாராவாரம் அவள் எழுதி முடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்குவேன். மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை. “சரி, அனுப்பு” என்பேன். எழுத்துக்கூட்டி நான் ஒரு பத்தி முடிப்பதற்குள் பத்திரிகையே கடைக்கு வந்துவிடும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததாக அவள் காட்டிக்கொண்டதில்லை. எழுதியது என் பேச்சுப்போலவே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு எவ்வளவோ ஆசை. கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் கிடக்கிறது. அதுவரைக்கும் செத்தே இருப்பதா, என்ன?

“ஏ யாழினி... எந்திரிக்காத, இரு தாயி. இம்புட்டு நேரம் எழுதினதை ஆரம்பத்துலருந்து எனக்கு ஒரு தடவை வாசிச்சுக் காட்டு. மெதுவா வாசி.”